காற்றுக்குச் சாட்சி

ரூபியேலா அம்மாள் பொய் சொல்லவில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

புது ரயில் பாதைக்காக வீடுகளைக் கணக்கெடுக்க வந்த பெண், வாசலில் நின்று "எத்தனை மாடிம்மா?" என்று கேட்டாள். ரூபியேலா யோசிக்காமல் "மூணு" என்றாள். கீழே அவள், மேலே மகன் எடில்சன், அதற்கும் மேலே மகள் நோரெலி. கணக்கெடுக்க வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு தளம்தான் இருந்தது. அதற்கு மேல் மொட்டை மாடி. அதில் நான்கு தூண்களின் முளைகள், கம்பிகள் துருப்பிடிக்காமலிருக்கக் கவிழ்த்து வைத்த சோடா பாட்டில்கள், ஒரு துணிக்கொடி. அதற்கும் மேலே கொலம்பியாவின் மெதெயின் நகரத்து ஆகாயம்.

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ரூபியேலா சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். மூத்த பிள்ளைக்கு மாடியைக் கொடுக்கிற அப்பா, அடுத்த பிள்ளைக்கு அந்த மாடிக்கு மேலே இருக்கிற காற்றைக் கொடுப்பார். காசு சேர்ந்ததும் அங்கே சுவர் எழுப்பிக்கொள்ள வேண்டியது. காற்றை விற்பவர்கள் உண்டு, வாங்குபவர்கள் உண்டு, காற்றுக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களும் உண்டு. ரூபியேலாவின் கணவர் அர்செசியோ உயிரோடிருந்தபோது, டிசம்பர் மாதம் தெருவெல்லாம் மெழுகுவத்தி ஏற்றுகிற ராத்திரியில், அக்கம்பக்கத்தார் முன்னால் மகளின் தோளில் கை போட்டு, "மேல இருக்கிற காத்து இவளுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பத்திரம் கிடையாது.

அரசாங்கத் தாளில் காற்றுக்கு இடமில்லை. அம்மா சொன்ன மூன்றும், கண்ணால் பார்த்த இரண்டும் பொருந்தாததால், அரசாங்கம் வீட்டை வாங்குகிற விவகாரம் அப்படியே நின்றுபோயிற்று. அது நகர வேண்டுமானால், மொட்டை மாடிக்கு மேல் தனக்கு எதுவும் இல்லை, யாரும் எதையும் தரவில்லை என்று நோரெலி தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்கான நாள் அந்தப் புதன்கிழமை.

நோரெலி காலையிலேயே வந்துவிட்டாள். ஜீன்ஸ் தைக்கிற பட்டறையில் அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தாள். முப்பத்தாறு வயது, வாடகை அறை, ஒன்பது வருஷத்து மோதிரம். அந்த மோதிரத்தைப் போட்ட ஆர்பேயும் அவளும், மேலே ஒரு படுக்கையறையும் சமையலறையும் எழும்பியதும் கல்யாணம் என்று முடிவு செய்திருந்தார்கள். சிமெண்ட் விலை ஏறியது. அப்பா படுத்தார். ஆர்பே படித்து முடித்து வேலை மாறினான். இதற்கிடையில் ரயில் வருகிறது என்றார்கள். ரயில் வருகிற இடத்தில் யார் செங்கல் வாங்குவார்கள்?

சமையலறையில் அம்மா அரேபா என்கிற சோள ரொட்டியைக் கல்லில் புரட்டிக்கொண்டிருந்தாள். மகள் வந்ததை முதுகாலேயே தெரிந்துகொண்டு, "பாலாடைக்கட்டி போடட்டுமா, வெண்ணெய் போதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"எதுவானாலும் சரிம்மா."

இரண்டு மாதமாக நோரெலி எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் இதுதான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நாக்கால் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அது நம்முடையதுதானா என்று சந்தேகமாக இருக்குமே, அப்படித்தான் அவளுக்கு எல்லாமே இருந்தது. வருத்தம் எங்கேயோ இருக்கிறது என்று தெரியும். தொட்டுப் பார்த்தால் கிடைக்கவில்லை.

எடில்சன் படியிறங்கி வந்தான். அவன் மோசமானவன் இல்லை. இரண்டாவது மாடியின் ஒவ்வொரு செங்கல்லையும் தன் டாக்சி ஓட்டின காசில் வைத்தவன். இப்போது பெய்யோ பக்கம் ஒரு வீடு பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமைக்குள் அரசாங்கத்தின் கொள்முதல் உத்தரவைக் காட்டாவிட்டால் முன்பணம் திரும்பாது. மனைவிக்கு அந்த வீட்டின் ஜன்னல்கள் பிடித்திருந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாற மனசைத் தயார் செய்திருந்தார்கள்.

"கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது," என்றான் தங்கையிடம். "பணம் வந்ததும் உனக்குன்னு நான் ஏதாவது செய்யாம விடுவேனா?"

"ஏதாவதுன்னா?"

அவன் தலையைச் சொறிந்தான். ஒரு நல்ல குளிர்சாதனப் பெட்டி, வாடகைக்குக் கொஞ்சம் ஒத்தாசை என்று அவன் மனசில் ஓடியது. அதைச் சொன்னான். நோரெலி தலையாட்டினாள். அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றவனுக்கு அந்தத் தலையாட்டல் என்னவோ செய்தது.

பத்து மணி வாக்கில் சுலாய் வந்தாள். நிலம் வாங்கும் அலுவலகத்தின் பெண். கணக்கெடுக்க வந்து அண்ணாந்து பார்த்தவளும் அவள்தான். யார் வீட்டிலும் காப்பியை மறுக்காதவள் என்று அந்தத் தெருவில் நல்ல பெயர் எடுத்திருந்தாள். தாளை மேஜையில் விரித்து, எழுத வேண்டிய வாசகத்தை மெதுவாகப் படித்துக் காட்டினாள். பிறகு ஒரு நிபந்தனை சொன்னாள். ஒரு சாட்சி வேண்டும். குடும்பத்தார் கூடாது.

"பக்கத்து வீட்டுக்காரங்க?" என்று கேட்டாள் ரூபியேலா.

அவர்களும் விற்கிற வரிசையில் இருப்பதால் கூடாதாம். பாதையில் வீடு இல்லாத, குடும்பத்தில் சேராத, அடையாள அட்டை வைத்திருக்கிற யாராவது ஒருவர்.

போனில் அழைப்பு வந்து சுலாய் வாசலுக்குப் போனதும் எடில்சன் சிரித்தான். "ஆர்பே இருக்கானே. சாயங்காலம் ரயில் திட்டத்துக் கூட்டத்துக்கு அவன்தானே பேச வரான். ஒன்பது வருஷமா கல்யாணம் பண்ணிக்கல, அப்போ சட்டப்படி அவன் வெளியாள்தான்."

அம்மா கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். எடில்சன் விளையாட்டுக்குச் சொன்னதாகச் சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. நோரெலி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாயங்காலம் கூட்டத்திலேயே சாட்சியோடு தந்துவிடுவதாக, திரும்பி வந்த சுலாயிடம் சொன்னாள். சுலாயும் அங்கே வருவதாகத்தான் இருந்தது.

அவள் போன பிறகு ரூபியேலா மகளின் எதிரே உட்கார்ந்தாள். மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னாள்.

"நான் ரெண்டுன்னே சொல்லியிருக்கணும். வாயில வந்துடுச்சு."

"பரவாயில்லைம்மா."

"பரவாயில்லைன்னு சொல்லாதடி. கத்து. தட்டைத் தூக்கிப் போடு. இப்படி உட்கார்ந்திருக்காத."

நோரெலி தட்டைப் பார்த்தாள். பாதி அரேபா மீதி இருந்தது. அதைத் தின்று முடித்தாள்.

குடியிருப்போர் சங்கத்தின் கூடம் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. கன்னிமேரி சிலையை ஓரமாக நகர்த்திவிட்டு அந்தச் சுவரில் படம் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, வாசலில் மோட்டார் சைக்கிள்களின் மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நோரெலி எடில்சன் பக்கத்தில் நடு வரிசையில் உட்கார்ந்தாள்.

ஆர்பே இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் முன்னால் நின்றான். காலரை எடுத்துத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். ரயில் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும், எவ்வளவு போதாது என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற ஆலோசனைக் கம்பெனியில் அவனுக்கு வேலை. எட்டு மாதமாக ராத்திரியும் பகலும் அதே கதி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு உட்கார்ந்திருந்தாலும் கண்கள் எண்களின் மேலேயே இருக்கும். வேலையைப் பற்றி அவள் கேட்டால், ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லிக் கன்னத்தில் முத்தமிடுவான்.

அவன் நன்றாகவே பேசினான். செலவில் நூற்றுக்கு எழுபது நாட்டின் அரசு, முப்பது நகரம் என்று ஒப்பந்தம். நாடு தருகிற தொகை ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் வரும், ஒரு பெசோகூட அதிகமாக வராது. ஆனால் செலவு ஏறிவிட்டது. வண்டிகளை டாலரில் வாங்க வேண்டும், கணக்குப் போட்ட நாளில் டாலர் மலிவாக இருந்தது. ஓடைக்கு அடியில் எதிர்பார்க்காத பாறை. மின் கம்பிகளையும் சாக்கடையையும் இடம் மாற்றுகிற செலவு. ஏறிய அத்தனையும் நகரத்தின் தலையில். வீடு வாங்குகிற பணமும் அதே பானையிலிருந்துதான் வர வேண்டும்.

சாவி வெட்டும் கடைக்காரர் லிபார்தோ எழுந்தார். எழுந்தாலே முன்கூட்டிச் சிரிப்பவர்கள் உண்டு.

"தம்பி, வண்டியை மட்டும் இன்னைய டாலர் விலையில வாங்குறீங்க. எங்க வீட்டை மட்டும் பழைய பெசோ விலையில வாங்குறீங்க. இது எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?"

கூடம் சிரித்தது. ஆர்பேயும் சிரித்து, வீட்டு விலை வேறு குழுவின் பொறுப்பு என்று நழுவினான்.

"சரி, போன தடவை வந்தப்போ, ரயில் வந்தா வீட்டு மதிப்பு ஏறும், அதுக்கு நாங்க வரி கட்டணும்னீங்க. இடிக்கிற வீட்டுக்கு மதிப்பு ஏறுற வரி. நாங்க நாற்காலியைத் தூக்கினதும் ஓடிட்டீங்க. இப்போ யாரு குடுக்கப் போறாங்க?"

அந்த வரியை எடுத்தாயிற்று என்றான் ஆர்பே. பயணச் சீட்டிலும் ஏற்ற முடியாது; ஏற்றினால் மக்கள் பஸ்ஸுக்கே திரும்பிவிடுவார்கள். பெட்ரோலின் மேல் போடுகிற கூடுதல் வரி முந்தைய ரயில் கடனுக்கே போய்க்கொண்டிருக்கிறது. அதனால் நிலையங்களே கொஞ்சம் சம்பாதிக்க வேண்டும்.

சொல்லிவிட்டு அவன் பொத்தானை அழுத்தினான். சுவரில் படம் மாறியது.

ஒரு தெரு மூலை. கீழே கண்ணாடி வாசலோடு ஒரு ரயில் நிலையம். அதன் மேல் அடுக்கடுக்காகப் பதினான்கு மாடி, பால்கனிகளில் செடிகள், ஒரு மூலையில் நாயோடு நடக்கிற பெண். மூலையில் இருந்த பச்சை நிறத் தபால்பெட்டியையும், சரிந்த நடைபாதையையும் வரைந்தவர் மாற்றாமல் விட்டிருந்தார். அதனால்தான் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் அது எந்த மூலை என்று தெரிந்துவிட்டது.

அது ரூபியேலாவின் வீடு.

"நிலையத்துக்கு மேல கட்டுற உரிமையை ஏலம் விடுவோம்," என்றான் ஆர்பே. குரல் கொஞ்சம் வேகமாயிற்று. "வர்ற பணம் பற்றாக்குறையை அடைக்கும். ஏழு மூலைகளைத் தேர்ந்தெடுத்திருக்கோம். இது ஒண்ணு."

"மேல கட்டுற உரிமைன்னா?" லிபார்தோ இன்னும் உட்காரவில்லை.

"நிலையத்தின் கூரைக்கு மேலே இருக்கிற கட்டுமான வாய்ப்பு."

"காத்து," என்றார் லிபார்தோ. "எங்க பாஷையில காத்து. காத்தை விக்கிறீங்க."

"தொழில்நுட்பமா சொல்லணும்னா..."

"தம்பி, அது காத்துதான்."

இந்தத் தடவை சிரிப்பு நீண்டது. சிலர் கைதட்டினார்கள். ஆர்பேயும் ஒத்துக்கொள்கிற மாதிரி இரண்டு கைகளையும் தூக்கினான். அவன் நடு வரிசைப் பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை. எடில்சன் சிரிக்கவில்லை. முழங்கையால் தங்கையைத் தொட்டு, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டியது ஆமாமா இல்லையா என்று அவனுக்குப் புரியவில்லை.

நோரெலி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழிருந்து எண்ணினாள். மூன்றாவது மாடியில் மஞ்சள் விளக்கு எரிகிற மாதிரி வரைந்திருந்தார்கள். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் வைக்க வேண்டும் என்று அவளும் சொல்லி வந்திருந்தாள். காலை வெயில் பாத்திரங்களின் மேல் விழும். வரைந்தவனுக்கும் அது தெரிந்திருக்கிறது. இப்போது வலிக்கும் என்று காத்திருந்தாள். அடுத்த படம் வந்தது. அதில் அம்புக்குறிகள் இருந்தன.

கூட்டம் கலைந்ததும், காப்பிக் குடம் வைத்திருந்த பின்பக்கத் தாழ்வாரத்தில் அவன் அவளைத் தேடி வந்தான். நெற்றியில் வியர்வை. இரண்டு காகிதக் கோப்பைகளில் காப்பி பிடித்து ஒன்றை அவள் கையில் திணித்தான்.

"இப்படி நீ தெரிஞ்சுக்கணும்னு நான் நினைக்கல."

"எப்படித் தெரிஞ்சுக்கணும்னு நினைச்ச?"

அவன் நிறையச் சொன்னான். அந்த மூலையை அவன் தேர்ந்தெடுக்கவில்லை, மேலிருந்து வந்தது. சொன்னால் வேலை போய்விடும். இந்த வேலையில் இன்னும் ஒரு வருஷம் தாக்குப் பிடித்தால் அடுக்கு மாடியில் ஒரு வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்கும். செங்கல், மணல், கொத்தனார் என்று அலைய வேண்டாம். அவளை வியப்பில் ஆழ்த்த நினைத்திருந்தானாம்.

"எவ்வளவு போட்டிருக்க?" என்றாள் நோரெலி.

"எதுக்கு?"

"காத்துக்கு. எங்க மூலையில."

அது வெளியே சொல்லக் கூடாது என்றான். அவள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குடிக்கவும் இல்லை, கேட்டதை மறுபடி கேட்கவும் இல்லை. கடைசியில் அவனே வாயைத் திறந்தான். மாடிக்கு மாடி விலை வேறுபடும் என்றான். மேலே போகப் போகக் கூடும்.

"மூணாவது மாடி?"

"பதினோரு கோடி பெசோ." தரையைப் பார்த்துச் சொன்னான். "உத்தேசமா."

எடில்சனின் கட்டி முடித்த மாடிக்கு அரசாங்கம் கொடுப்பதில் பாதிக்கு மேல். செங்கல் இல்லை, கதவு இல்லை, குழாய் இல்லை. வெறும் இடம். அதற்கு அந்தத் தொகையை ஒன்பது வருஷமாக அவளோடு அதே இடத்தில் நின்று, இங்கே கட்டில், இங்கே அலமாரி என்று காலால் கோடு போட்டவன் குறித்திருக்கிறான்.

அவள் பையிலிருந்து தாளை எடுத்தாள். அது என்ன என்று அவனுக்குத் தெரியும். எடில்சன் மத்தியானமே போனில் சொல்லியிருந்தான்.

"சாட்சி வேணுமாம். குடும்பத்துல இல்லாத ஆளு."

ஆர்பே பேனாவை எடுத்தான். தயங்குவான் என்று அவள் நினைத்தாளோ என்னவோ. தாழ்வாரச் சுவரில் தாளை வைத்து, பெயர், அட்டை எண், கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதினான். மொட்டை மாடிக்கு மேல் எதுவும் இல்லை என்பதற்கு அவன் சாட்சி. மை காய ஊதினான்.

"முடிச்சிடுவோம் நோரெலி. அண்ணன் வீடு கைக்கு வரட்டும். நம்ம விஷயம் அப்புறம்." பிறகு குரலைத் தணித்தான். "ஒண்ணே ஒண்ணு. உறவு என்னன்னு கேட்டா... வேலையில சேரும்போது நான் எழுதிக் குடுத்திருக்கேன். பாதையில இருக்கிற எந்த வீட்டோடயும் எனக்கோ, எனக்கு வேண்டியவங்களுக்கோ சம்பந்தம் இல்லைன்னு."

"எப்போ எழுதின?"

"சேர்ந்தப்போ."

"அப்பவே எங்க வீடு பாதையில இருந்துச்சே."

அவன் பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். உள்ளேயிருந்து யாரோ, படம் காட்டுகிற பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நல்ல வேளை என்பது போலப் போனான்.

சுலாய் வாசல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் வரிசை குறைந்து, கடைசியில் நோரெலியின் முறை வந்தது. நாலடி தள்ளி ஆர்பே நீண்ட வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். எடில்சன் வாசலில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி.

சுலாய் தாளைப் பார்த்தாள். சாட்சியின் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து, வயர் சுற்றுகிறவனைப் பார்த்தாள். இப்போது பேசினவர்தானே என்று மனசுக்குள் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"இவர் உங்களுக்கு என்ன உறவு?"

நோரெலிக்கு விரலில் மோதிரம் இருந்தது. கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனாள்.

"தெரிஞ்சவர். அவ்வளவுதான்."

சுலாய் எழுதினாள். நோரெலி தன்னையறியாமல் திரும்பிப் பார்த்தாள். ஆர்பேயின் தோள்கள் இறங்கியிருந்தன. நாள் முழுக்கத் தூக்கி வைத்திருந்த மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி மூச்சு விட்டான். வயரைச் சுற்றுகிற கை இப்போது தாளத்தோடு சுற்றியது. அவன் அவளைக் காயப்படுத்த அப்படிச் செய்யவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. நிம்மதி, அவ்வளவுதான். அவள் அவனுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதும் வந்த நிம்மதி.

"இங்க எழுதுங்க," சுலாய் தாளைத் திருப்பி வைத்தாள். "காலையில படிச்சுக் காமிச்சேனே, அதே வாசகம். கீழ கையெழுத்து."

நோரெலி பேனாவை எடுத்தாள். 'யாரும் எனக்கு' என்று எழுதினாள். அடுத்த வார்த்தை வரவில்லை. பேனாவை மூடி, தாளின் மேல் குறுக்காக வைத்தாள்.

"நான் கையெழுத்துப் போடல."

வாசலில் எடில்சன் நிமிர்ந்தான். உள்ளே வந்து மேஜையருகே நின்றான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் இருவருக்குமே சுலபமாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை என் முன்பணம் போயிடும்."

"தெரியும்ணா."

"பசங்ககிட்ட ரூம் யாருக்குன்னுகூடப் பிரிச்சுக் குடுத்துட்டேன்."

"தெரியும்."

"இதுக்கு மேல நான் என்ன சொல்றது உங்கிட்ட?" அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தில் எதையோ தேடினான். கிடைக்கவில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வெளியேறினான். மோட்டார் சைக்கிள் சத்தம் கோயிலைச் சுற்றித் தேய்ந்தது. அவளை அழைத்துப் போக வேண்டியவன் அவன்தான்.

சுலாய் பெருமூச்சு விட்டாள். அவள் குரலில் அதட்டல் இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் விஷயம் வழக்கறிஞர் குழுவுக்குப் போகும் என்று விளக்கினாள். உங்களையும் கூப்பிடுவார்கள், அம்மாவையும் கூப்பிடுவார்கள், தாளில் பெயர் இருப்பதால் சாட்சியையும் கூப்பிடுவார்கள். மறுத்ததற்கு ஒரு காரணத்தைத் தான் எழுதியாக வேண்டும் என்றாள்.

"என்னன்னு எழுதட்டும்?"

"மேல இருக்கிறது என்னுதுன்னு எழுதுங்க," என்றாள் நோரெலி. "அப்பா குடுத்தது. தெருவே பார்த்துச்சு."

"அது கட்டினதே இல்லையேன்னு கேப்பாங்க. கட்டாததுக்கு விலை கிடையாதுன்னு சொல்லுவாங்க."

"விலை இருக்கு."

சுலாயின் பேனா நின்றது. "உரிமையை ஏலம் விடறதாத்தான் சொன்னார். விலை எதுவும் சொல்லலையே? விலை இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வயர் சுற்றுகிற சத்தம் நின்றது. நோரெலி திரும்பவில்லை. திரும்பாமலேயே அவன் எங்கே நிற்கிறான், எப்படி நிற்கிறான், எந்தக் கையில் வயர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒன்பது வருஷத்துப் பழக்கம் அது.

தொகையைச் சொல்வது இவ்வளவு எளிதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. சுலாய் எழுதிக்கொள்கிற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பதினோரு கோடி பெசோ. மூணாவது மாடிக்கு மட்டும்."

சுலாய் எழுதி முடித்தாள். பிறகு, சொன்னது யார் என்று கேட்பதற்காக நிமிர்ந்தாள்.